மேல் வரிசையில் செருகிய கம்பி

எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பூ வைத்து நிச்சயம் செய்ய வந்தவர்கள், பூவை வைக்காமலேயே திரும்பிப் போனார்கள். சகுனம் தடுத்துவிட்டது என்று அன்றைக்குச் சொன்னார்கள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். சகுனம் ஒன்றும் தடுக்கவில்லை. டி.வி.யின் முதுகில் கீழ் வரிசையில் செருக வேண்டிய ஒரு கம்பியை நான் மேல் வரிசையில் செருகிவிட்டேன். அதை அங்கேயே, அவர்கள் தெருவைத் தாண்டும் முன்பே கண்டுபிடித்தும் விட்டேன். கண்டுபிடித்த பிறகு வாயைத் திறக்கவில்லை.

நான் முப்பத்திரண்டு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன். ஓய்வு பெற்று மூன்றாவது வருஷமோ நாலாவது வருஷமோ, அமெரிக்காவில் இருக்கும் என் மகன் ஊருக்கு வந்தபோது தன்னுடைய பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். தினமும் மின்சாரத்தை மணி பார்த்து நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. கோவில்பட்டியில் எங்கள் தெருவில் வேறு யாரிடமும் லேப்டாப் கிடையாது. பரீட்சை முடிவு பார்க்க, வெளிநாட்டுப் பேரன் போட்டோ பார்க்க என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். சின்னத் திரையில் நாலு தலை முட்டிக்கொள்ளும். அதனால் ஒரு தடவை மதுரைக்குப் போனபோது கடைக்காரனிடம் விசாரித்து ஒரு கம்பி வாங்கி வந்தேன். அதன் ஒரு முனை லேப்டாப்பின் பக்கவாட்டில் உள்ள வட்டத் துளையில் போகும். மறுமுனையில் மஞ்சள் தலை. அதை டி.வி.யின் முதுகில் செருகினால் லேப்டாப்பில் தெரிவது டி.வி.யில் பெரிதாகத் தெரியும்.

என் வீட்டு டி.வி.யில் முதல் தடவையே படம் வந்தது. பார்க்க வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். அதில் ஒரு அம்மாள் என் மனைவியிடம், "அண்ணாச்சி மூளைக்கு அவிய அமெரிக்காவுலயே பெறந்திருக்கணும்" என்றார். அற்பமான பேச்சுதான். ஆனால் அதை நான் பல நாள் தனியாக நினைத்து மகிழ்ந்திருக்கிறேன்.

எங்களுக்கு மூன்று வீடு தள்ளி வத்தல் கமிஷன் கடைக்காரர் ஒருவர் இருந்தார். விளாத்திகுளம் பக்கத்து மிளகாய் வத்தலை வாங்கி வெளியூருக்கு அனுப்புகிற வியாபாரம். அவர் சட்டையிலிருந்து வரும் நெடிக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் தும்முவார்கள். அவருக்கு ஒன்றும் செய்யாது. என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அண்ணாச்சி என்பார். அவருக்கு ஒரே மகள். உள்ளூர்க் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்து முடித்திருந்தாள். சின்ன வயசிலிருந்தே என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தப் பெண்ணுக்கு விளாத்திகுளத்தில் உரக்கடை வைத்திருந்த குடும்பத்திலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் என்ஜினியர். ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோக்கள் போய் வந்துவிட்டன. அவனுக்குத் தை மாதம்தான் லீவு. அதற்கு முன்னால் பூ வைத்துவிடலாம் என்று இரண்டு வீட்டாருக்கும் ஆசை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் ஒன்றில் உறுதியாக இருந்தார். மாப்பிள்ளை சபையில் இருக்க வேண்டும். அவன் பார்க்க, சபையும் அவனைப் பார்க்க, அதன் பிறகுதான் தன் கையால் பெண்ணின் தலையில் பூ வைப்பேன் என்றார்.

கமிஷன் கடைக்காரர் என்னைத் தேடி வந்தார்.

"அண்ணாச்சி, மாப்ளய டி.வி.யில கொண்டாந்து ஒக்கார வச்சிர முடியுமா?"

"தாலி மட்டும் அவன் நேர்ல வந்து கட்டட்டும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

அவர் இதற்காகவே வீட்டு டெலிபோனில் இன்டர்நெட் வாங்கினார். சனிக்கிழமை காலையில் மறுபடி வந்தார். "இன்னைக்கே ஒரு தடவ நம்ம டி.வி.யில மாட்டிப் பாத்துருவமா, அண்ணாச்சி?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். போயிருக்கலாம். நடந்தால் நாற்பது அடி. "ஒங்க வீட்டு டி.வி.யும் எங்க வீட்டு டி.வி.யும் ஒரே ஜாதிதான்வே. போய்ப் பந்தி வேலையப் பாரும்" என்று அனுப்பினேன். ஒரு தடவை பார்த்ததை வைத்து விதி எழுதாதே என்று எத்தனையோ பிள்ளைகளின் சோதனை நோட்டில் சிவப்பு மையில் எழுதியவன் நான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்றேகாலிலிருந்து நாலேகால் வரை நல்ல நேரம். நாலரைக்கு ராகுகாலம். சிங்கப்பூரில் மாப்பிள்ளைக்கு ராத்திரி டியூட்டி ஏழு மணிக்கு; நமக்கு அது நாலரை. எங்கள் தெருவுக்கு மின்வெட்டு அன்று மத்தியானம் இரண்டு மணியோடு முடிந்துவிட்டது. எல்லாம் அளந்து வைத்த மாதிரி பொருந்தியிருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வேனில் இருபது பேர் வந்தார்கள். முந்தின நாள் நல்ல மழை. வரும் வழியில் ஏதோ ஒரு கோவிலுக்காக வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கிறார்கள். எல்லார் செருப்பிலும் கரிசல் மண் அப்பிக்கொண்டு ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தது. அவற்றை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள்.

டி.வி. பெரியது. முன்னறைச் சுவரோடு சுவராக அடித்த மர ஷோகேஸுக்குள் இருந்தது. அதை வெளியே இழுக்க முடியாது. கொஞ்சம் சாய்த்து, இடுக்கில் கையைத்தான் விட முடியும். என் வீட்டு டி.வி.யில் முதுகுப்புறம் இரண்டு வரிசைத் துளைகள். மேல் வரிசை படத்தை உள்ளே வாங்குவது. கீழ் வரிசை வெளியே அனுப்புவது. இங்கேயும் கையால் தடவினேன். இரண்டு வரிசை தட்டுப்பட்டது. மேல் வரிசையில் மஞ்சள் தலையைச் செருகினேன். மூக்குக்கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டு, டார்ச் அடித்துப் பார்த்தால் துளைக்கு மேலே எழுதியிருப்பது தெரியும். இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தடவியே மாட்டுவதுதான் எனக்கு அழகாகப் பட்டது.

சபையில் மாலை இரண்டு வாங்கி வைத்திருந்தார்கள். ஒன்று பெண்ணுக்கு. இன்னொன்று மாப்பிள்ளைக்கு. இதை எங்கே போடுவது என்று பேச்சு வந்தது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் நல்ல வாய்க்காரர். "டி.வி.க்குத்தான் போடணும். வேற யாருக்குப் போடுவிய? ஏன் சார்வாள், சந்தனம் பூசுனா ஷாக் அடிக்குமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "மொதல்ல படம் வரட்டும். அவன் முகத்தப் பாத்துட்டுப் போடுவோம்" என்றார்.

"படம் வந்தாச்சுன்னே வையுங்க, தாயி. போடச் சொல்லுங்க" என்றது நான்தான்.

கமிஷன் கடைக்காரர் மாலையை டி.வி.யின் மேல் வைத்து, திரைக்கு இரண்டு பக்கமும் தொங்க விட்டார்.

மூன்றரைக்கு லேப்டாப்பில் அழைப்பு கிடைத்தது. ஷோகேஸின் ஓரத்தில் லேப்டாப்பை வைத்து நான் அதை மறைத்துக்கொண்டு நின்றேன். வெள்ளைச் சட்டை போட்ட பையன் சிரித்துக்கொண்டு தெரிந்தான். களையான முகம். அந்த வீட்டில் அவன் முகத்தைப் பார்த்தது நான் ஒருவன்தான்.

"வணக்கம். எல்லாரும் வந்துட்டாங்களா?" என்றான். குரல் கேட்டதும் சபையில் ஒரு ஆரவாரம். இப்போது டி.வி.க்கு மாற்றுகிறேன் என்று சொல்லி, படத்தை டி.வி.க்கு மட்டும் அனுப்புகிற பொத்தானை அமுக்கினேன். லேப்டாப் திரை இருண்டது. நான் டி.வி. பக்கம் விலகி நின்றேன். டி.வி. வெறும் நீலமாக இருந்தது.

"அம்மா, என்னத் தெரியுதா?"

"சத்தம் கேக்குதுய்யா. முகத்தக் காணமே."

"நான் ஒங்கள எல்லாம் பாக்கேனே. நீங்க பச்சச் சேல கெட்டியிருக்கீங்க. மாமா பக்கத்துல ஒக்காந்திருக்காவ."

லேப்டாப்பின் தலையில் இருந்த கேமரா சபையைப் பார்த்தபடி இருந்தது. அதனால் அவனுக்கு எல்லாரும் தெரிந்தார்கள். இவர்களுக்கு முன்னால் மாலை போட்ட ஒரு நீலக் கட்டம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. கம்பியை அசைத்தேன். ரிமோட்டை அமுக்கினேன். டி.வி.யை அணைத்துப் போட்டேன். அதே நீலம்.

"சார்வாள், மாப்ள வெக்கப்படுதான் போல" என்றார் தாய்மாமன். "இல்ல, டி.வி.தான் பெயிலாயிட்டா?"

ஷோகேஸை ஒட்டி உள்ளறை வாசல். அதில் ஒரு திரைச்சீலை. அதற்குப் பின்னால் பெண் பட்டுச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை முகம் டி.வி.யில் வந்ததும் அவளை அழைத்து வருவதாக ஏற்பாடு. எனக்கும் அவளுக்கும் இரண்டு முழம்தான் தூரம். இடுக்கில் என் கை எங்கே போகிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"பெரியப்பா" என்று மெல்லக் கூப்பிட்டாள். "நீங்க குத்தியிருக்கது அவுட்டு. இதுல கீழ வரிசதான் இன்னு. நான் டி.வி.டி. மாட்டுறது கீழதான்."

அந்த டி.வி.யில் டி.வி.டி. பெட்டியை மாட்டுவதும் கழற்றுவதும் அவள்தான். அன்று காலையில்கூட லேப்டாப்புக்கு இடம் வேண்டும் என்று அதைக் கழற்றி வைத்தவள் அவள்தான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குக் கோபம் வந்தது. இருபது பேர் நடுவில் ஒரு சின்னப் பெண், அதுவும் அன்றைக்குத் தலை நிமிராமல் நிற்க வேண்டியவள், எனக்குத் துளையைக் காட்டிக் கொடுப்பதா? அவள் சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்ற பயம்தான் அந்தக் கோபம் என்று இப்போது புரிகிறது.

"எனக்குத் தெரியும்ட்டி. வந்தவுக காதுல பொண்ணு கொரல் விழலாமா? உள்ள போ" என்றேன். நான் சொன்னது மெதுவாக இல்லை.

அவள் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். மகள் என்ன சொன்னாள் என்பது அவர் காதில் விழவில்லை. நான் அதட்டியது விழுந்தது. சபைக்கும் அதுதான் விழுந்தது.

கையை விட்டு மஞ்சள் தலையை ஒரு அங்குலம் கீழே மாற்றியிருந்தால் போதும். அதைச் செய்யாமல் லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். மாப்பிள்ளையின் குரல் நடுப்பேச்சில் நின்றது. பழைய லேப்டாப், முழித்து எழுந்திருக்கவே ஏழெட்டு நிமிஷம் ஆகும். பிறகு இன்டர்நெட் வர வேண்டும். பிறகு அழைப்பு போக வேண்டும். காப்பி ஒரு சுற்று வந்தது. யாரோ இரண்டாவது சுற்றும் கொண்டுவந்தார்கள். மறுபடி அழைப்பு கிடைத்தபோது நாலு மணி நெருங்கிவிட்டது. லேப்டாப் திரையில் பையன் மறுபடியும் தெரிந்தான்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து பக்கத்தில் வந்தார். "அந்தச் சின்னப் பொட்டியிலயே காட்டிருங்களேன், சார். நான் இங்கன நின்னு பாத்துக்கிடுதேன்."

லேப்டாப்பை அந்த அம்மாள் பக்கம் திருப்பியிருந்தால் அதோடு எல்லாம் முடிந்திருக்கும். பூ வைத்திருப்பார்கள்.

"ரெண்டே நிமிஷம், தாயி. பெருசாவே பாத்துரலாம்" என்று சொல்லி, அந்தப் பொத்தானை மறுபடியும் அமுக்கினேன். லேப்டாப் இருண்டது. டி.வி. நீலமாகவே இருந்தது.

"அம்மா, எனக்கு டியூட்டிக்கு நேரமாயிட்டுது. இப்பமாது தெரியுதா? பொண்ணக் கூப்பிடச் சொல்லுங்க" என்று குரல் மட்டும் வந்தது. பிறகு கரகரவென்று ஏதோ சத்தம். அதுவும் நின்றது. அதற்கு மேல் அழைப்பு கிடைக்கவில்லை.

அந்த அம்மாள் டி.வி.யையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பக்கமும் மாலை தொங்க, நடுவில் ஒன்றும் இல்லாமல் இருந்தது. நம் பக்கத்தில் எந்த வீட்டில் எந்தப் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"அந்த மாலைய மொதல்ல எடுங்க" என்றார். யாரும் அசையவில்லை. "எடுங்கங்கேன்லா! எம் புள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கான். அவனுக்கா இது?" என்று கத்தி அழ ஆரம்பித்தார்.

கமிஷன் கடைக்காரர் மாலையை எடுத்தார். எடுத்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, என்ன கோளாறு? எங்க வீட்டு டி.வி.யா, ஒங்க பொட்டியா? என்னன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. அவியளுக்குச் சமாதானமாப் போவும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெண் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து சொன்னது என் காதில் இன்னும் இருந்தது. நான் சொன்னேன்:

"என் பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஏன் வரலன்னு எனக்கே தெரியல."

காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது என்று முப்பத்திரண்டு வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுத்தவன், காரணமே இல்லை என்று சபையில் சாட்சி சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"படிச்சவரே எல்லாஞ் சரியா இருக்குங்காரு. அப்பம் இது நம்ம கையில இல்ல. வேற என்னமோ தடுக்குது. ஊருக்குப் போயி யோசிச்சுச் சொல்லி அனுப்புதோம்."

கொண்டுவந்த பூவையும் தட்டையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் வாசலுக்குப் போன பிறகுதான் நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டேன். கம்பியைக் கழற்றுவதற்காக டார்ச்சை எடுத்து இடுக்கில் அடித்தேன். கறுப்புப் பிளாஸ்டிக்கில் கறுப்பாகவே எழுத்துகள் புடைத்துக்கொண்டிருந்தன. மேல் வரிசைக்கு மேலே அவுட் என்றும் கீழ் வரிசைக்கு மேலே இன் என்றும் ஆங்கிலத்தில் இருந்தது. எட்டாம் வகுப்புப் பையன்கூட வாசித்துவிடுவான்.

வாசலில் அவர்கள் இன்னும் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரக் கரிசல் செருப்பில் காய்ந்து இறுகிப் போயிருந்தது. படிக்கல்லில் ஒவ்வொருவராகத் தட்டித் தட்டி உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் உள்ளே கேட்டது. இருபது பேர், நாற்பது செருப்பு. எனக்கு அவ்வளவு நேரம் இருந்தது. நாலு எட்டு வைத்து வாசலுக்குப் போய், "நில்லுங்க. தப்பு என்னோடது. துளைய மாத்திக் குத்திட்டேன்" என்று சொல்ல அது தாராளமான நேரம். மாப்பிள்ளை டியூட்டிக்குப் போயிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் அவன் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். தடுத்தது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அது போதும்.

நான் கம்பியைச் சுருட்டினேன். சுருட்டிப் பையில் வைத்தேன். நிமிர்ந்தபோது திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நின்றாள். என் கையில் இருந்த டார்ச்சையும் என் முகத்தையும் பார்த்தாள். வெளியே வேன் கிளம்பியது.

ஒரு வாரம் கழித்து கமிஷன் கடைக்காரர் வந்து, மாப்பிள்ளை வீட்டுக்கு நல்ல தமிழில் ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது. நான் எழுதிய வரி எனக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. 'எதிர்பாராத காரணங்களால் ஏற்பட்ட தடங்கலைப் பெரிதுபடுத்தாமல்' என்று எழுதினேன். தடங்கல் என்ற சொல்லை நானே என் கையால் எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. அந்தப் பையனுக்கு அடுத்த தையில் வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது.

விளாத்திகுளத்துக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் பஸ் போகிற ஊரெல்லாம் இந்தக் கதையும் போனது. அந்தப் பெண்ணைப் பூ வைக்கப் போன இடத்தில் மாப்பிள்ளை முகமே வரவில்லையாம், மாலைதான் தெரிந்ததாம். அடுத்து விசாரித்த இரண்டு இடங்கள் இதைக் கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டன. பெற்றவர்கள் அவளைக் கோவில் கோவிலாக அழைத்துப் போனார்கள். பசுவந்தனைக் கோவிலுக்கு ஒரு தடவை என்னையும் கூப்பிட்டார்கள், பெரிய மனுஷர் கூட வந்தால் நல்லது என்று. போனேன். அவள் சன்னதியில் விளக்குப் போடும்போது பக்கத்தில் நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு அவள் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கம்ப்யூட்டரில் பில் போடும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

மூன்று வருஷம் கழித்து கமிஷன் கடைக்காரர் கடையிலேயே மார்வலி வந்து இறந்துபோனார். அவருக்குப் போட்ட மாலைகளைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் போனதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கம்பியைப் பையில் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். டி.வி.யிலேயே செருகிக் காட்டிவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

ஷோகேஸில் அந்த டி.வி. இல்லை. சுவரில் தட்டையாகப் புதிது ஒன்று தொங்கியது. பழையதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று ஜோசியர் யாரோ சொன்னாராம். போன வருஷமே எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டார்களாம்.

பெண்ணின் அம்மா நாற்காலி போட்டார். நான் உட்காராமலே சொன்னேன். அன்றைக்குத் தப்பு என்னுடையது, துளை மாறிச் செருகிவிட்டேன், உங்கள் மகள் சொல்லியும் கேட்கவில்லை, அவர்கள் வாசலில் நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, சொல்லவில்லை. பையிலிருந்து கம்பியை எடுத்து மஞ்சள் தலையைக் காட்டினேன். மகள் உள்ளறை வாசலில் அன்று நின்ற அதே இடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கியது. கம்பியை அவர் பார்க்கக்கூட இல்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணாச்சி, எங்க மனசத் தேத்தணும்னு பழியத் தூக்கி ஒங்க தலையில வச்சுக்கிடுதீங்க. இந்தப் பெரிய மனசு யாருக்கு வரும்? அவிய இருந்தவரைக்கும் சொல்லுவாவ, அன்னைக்கு அண்ணாச்சி ஒரு மணி நேரமாப் போராடுனாரு, நம்ம நேரம் அப்பிடின்னு."

"இல்லம்மா. நெசமாத்தான் சொல்லுதேன். துளை மாறிப் போச்சு."

"துளையில என்ன இருக்கு? அவ ஜாதகத்துல இருக்கதுக்கு நீங்க என்ன செய்வீங்க? அன்னைக்கு இவ வாயடக்காம ஒங்ககிட்ட எதுத்துப் பேசிப்பிட்டா. சபையில பொண்ணு கொரல் கேட்டுப் போச்சு. அதையுங்கூட மனசுல வைக்காம வந்திருக்கீங்களே."

நான் மூன்றாவது தடவையும் சொன்னேன். இன்னும் விவரமாக, படம் எப்படிப் போகிறது, எங்கே வருகிறது என்றெல்லாம் பாடம் நடத்துவது போலச் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த அம்மாளுக்கு அழுகைதான் கூடியது. என் மேல் மரியாதையும் கூடியது. வெறுங்கையோடு போகக் கூடாது என்று உள்ளே போய், ஒரு பையில் வாழைப்பழமும் கடலைமிட்டாயும் போட்டு எடுத்து வந்தார்.

வாசல் வரைக்கும் மகள் வந்தாள். மூன்று வருஷத்தில் அவள் முகம் வற்றிப் போயிருந்தது.

"நீயாவது நம்புதியா?" என்றேன்.

"நம்புறதுக்கு என்ன இருக்கு, பெரியப்பா? சொன்னதே நாந்தான?"

"அம்மைட்ட நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். அந்த ராத்திரியே சொன்னேன். ஒன் வாயாலதான் கெட்டுதுன்னு அடிச்சாவ. பெரியவுகளக் குத்தஞ் சொல்லுதியான்னு அப்பாவும் வைதாவ." கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "இனிமே வந்து சொல்லாதிய. நீங்க சொன்னாலும் அவிய நம்ப மாட்டாவ. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடத்தான் செய்வாவ. அத நான் நின்னு பாக்க வேண்டியிருக்கு" என்றாள்.

நான் வீட்டுக்கு வந்தேன். கையில் என்ன பை என்று மனைவி கேட்டாள். அந்த வீட்டில் கொடுத்தார்கள் என்றேன். எதற்கு என்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.

பழங்களை நாங்கள் சாப்பிட்டோம். கம்பி நான் கொண்டுபோன பையிலேயே இருக்கிறது. அந்தப் பெண் இப்போதும் காலை எட்டரை மணிக்கு எங்கள் வீட்டைத் தாண்டித்தான் டவுன் பஸ்ஸுக்குப் போகிறாள். அந்த நேரத்தில் நான் வாசல் பக்கம் வருவதில்லை.